பாக்கெட்டில் போட்டிருக்கும் 33 காதுக்குள் ஏன் வருவதில்லை?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட். கிரைண்டிங், ஷீட் வெட்டுவது, பவர் பிரஸ், மூலையில் ஒரு கம்ப்ரஸர். எல்லோருக்கும் இயர் பிளக் வாங்கிக் கொடுத்தாயிற்று, பாக்கெட் மேல் 33 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருக்கிறது, சுவரில் போர்டும் மாட்டியாயிற்று. இருந்தும் இந்த வருடச் சோதனையில் ஆறு பேருக்குக் காது குறைந்திருக்கிறது. முதலாளி "அவங்க போடறதே இல்லை" என்கிறார், ஆட்கள் "போட்டுட்டுத்தான் இருக்கோம்" என்கிறார்கள். யார் சொல்வது உண்மை, இனி என்ன செய்வது?

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். இந்த மாதிரி இடங்களில் பல வருடம் மீட்டரைத் தூக்கிக்கொண்டு சத்தம் அளந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தச் சண்டையை நான் பார்க்காத ஷெட் குறைவு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிரைண்டர் பிடிப்பவர் நிற்கும் இடத்தில் நாள் முழுக்க 103 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் போட்டிருக்கும் பிளக் உண்மையிலேயே 30 டெசிபல் குறைக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள் (உண்மையில் அவ்வளவு குறைக்காது, அதற்கு அப்புறம் வருகிறேன்). எட்டு மணி நேரமும் கழற்றாமல் இருந்தால் காதுக்குப் போவது 73, பிரச்சினையே இல்லை. இப்போது அந்த எட்டு மணி நேரத்தில் மொத்தமாக அரை மணி நேரம் மட்டும் கழற்றுகிறார். போன் வந்தது, சூப்பர்வைசர் ஏதோ சொன்னார், காது அரித்தது, பக்கத்து ஆளிடம் அளவு கேட்க வேண்டியிருந்தது. தடவைக்கு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், அவ்வளவுதான். அன்றைய மொத்தக் கணக்கில் அந்த 30 டெசிபல் பிளக் 12 டெசிபல் பிளக்காக இறங்கிவிட்டது. 103-இல் 12 போனால் 91. பாதி நேரம் கழற்றி வைத்தால் பலன் வெறும் 3 டெசிபல்தான். நாளில் ஏழரை மணி நேரம் போட்டிருந்த ஆள் "போட்டுட்டுத்தான் இருந்தேன்" என்று சொன்னால் அதில் பொய் எதுவும் இல்லை, காதும் போய்க்கொண்டுதான் இருக்கும்.

இது ஏன் இப்படி என்றால், டெசிபல் நாம் அரிசி அளக்கிற மாதிரி கூட்டிப் போகிற அளவு இல்லை. 3 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு, 10 ஏறினால் பத்து மடங்கு, 30 ஏறினால் ஆயிரம் மடங்கு. 90 டெசிபல் போடும் இரண்டு மெஷினைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் 180 ஆகாது, 93 ஆகும். வெறும் காதுக்கு 90-க்கும் 93-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, "கொஞ்சம் கூட இருக்கு" என்று தோன்றும். உள்ளே வாங்கும் அடி மட்டும் இரண்டு பங்கு. 103 டெசிபலில் ஒரு நிமிடம் வெறும் காதோடு நிற்பதும் 73 டெசிபலில் ஆயிரம் நிமிடம் நிற்பதும் ஆற்றல் கணக்கில் ஒன்று. அதனால்தான் அந்த அரை மணி நேரம் மீதி ஏழரை மணி நேரத்தையும் விழுங்கிவிடுகிறது.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு, தொழில்சார் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு நினைவில் வைத்துக்கொள்ள எளிது. 85 டெசிபலில் 8 மணி நேரம், அப்புறம் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 97-இல் அரை மணி, 100-இல் 15 நிமிடம், 103-இல் ஏழரை நிமிடம். அந்த நாட்டின் சட்டமே இதைவிடத் தளர்வானது. அங்கே தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓஷாவின் விதிப்படி 8 மணி நேரத்துக்கு 90 வரை போகலாம், 5 டெசிபல் ஏறினால்தான் நேரம் பாதியாகும். காதுச் சோதனை, பயிற்சி எல்லாம் 85-இலேயே தொடங்க வேண்டும் என்று பிறகு சேர்த்தார்கள். ஐரோப்பிய விதியில் 80-இல் எச்சரிக்கை தொடங்குகிறது, 85-இல் பாதுகாப்புக் கருவி கட்டாயம், கருவியையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு காதுக்குப் போவது 87-ஐத் தாண்டக் கூடாது. எந்தச் சட்டம் எங்கே பொருந்தும் என்பதை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் சட்டம் அனுமதிப்பதும் காது தாங்குவதும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால் 85, 3 டெசிபல் கணக்கைத்தான் ஷெட்டில் எழுதி ஒட்டச் சொல்வேன்.

காதுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்களிடம் பேசும்போது இதுதான் எடுபடும். உட்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழாய், அதற்குள் ஏறக்குறைய 15,000 மயிரிழை செல்கள். ஒலி வந்தால் இவை ஆடும், அந்த ஆட்டம்தான் நரம்புக்குச் செய்தியாகப் போகிறது. அதிகச் சத்தத்தில் இவை களைத்துப்போகும், வேலை முடிந்து வெளியே வந்ததும் காது அடைத்த மாதிரி இருக்கிறதே, கொய்ங் என்று ஒரு இரைச்சல் வருகிறதே, அதுதான் அது. ஓய்வு கொடுத்தால் மறுநாளுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும், அதனாலேயே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தினமும் இப்படிக் களைத்துக் களைத்து ஒரு கட்டத்தில் செல் செத்துவிடும். செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. இன்னொன்று, 2009-இல் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளில் செய்த ஆய்வில், கேட்கும் அளவு முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் உட்காதின் ஒரு பகுதியில் செல்லுக்கும் நரம்புக்கும் இடையே உள்ள இணைப்புகள் பாதிக்குப் பாதி அறுந்து கிடந்ததைக் கண்டார்கள். "காலைல சரியாயிடுச்சு சார்" என்பது முழுக் கதை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முதலில் போவது எது தெரியுமா? கீச்சென்ற மேல் அதிர்வெண் ஒலிகள், 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை, குறிப்பாக 4000 பக்கம். பேச்சில் இந்தப் பகுதியில் இருப்பவை வல்லின மெய்களின் வெடிப்பும் உரசலும்தான். கட்டு, தட்டு, சட்டு, பட்டு என்று சொல்லிப் பாருங்கள். நான்குக்கும் உயிரொலி ஒன்று, அது கனமானது, நன்றாகக் கேட்கும். முதலில் வரும் க, த, ச, ப எது என்று பிரித்துக் காட்டும் தகவலில் பெரும்பகுதி மேல் அதிர்வெண்ணில் இருக்கிறது, அது தேய்ந்துவிட்டால் நான்கும் ஒன்றுதான். அதனால் இந்த மாதிரி காது போனவர் "எனக்குக் கேட்கலை" என்று சொல்லவே மாட்டார். "கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை, எல்லாரும் முணுமுணுன்னு பேசறாங்க" என்பார். டி.வி. சத்தத்தைக் கூட்டுவார், நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் அமைதியாகிவிடுவார், சரி சரி என்று தலையாட்டுவார். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும், அவருக்கு அல்ல. காது வலிக்காது, ரத்தம் வராது. விரல் போனால் ஷெட்டே நின்றுவிடும், இதற்கு யாரும் நிறுத்துவதில்லை.

பழைய விஷயம்தான் இது. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, தொழிலாளர் நோய்கள் பற்றிய தன் நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில், நாள் முழுக்கச் செம்புத் தகட்டைத் தட்டுகிறவர்கள் காது மந்தமாகி வயதானதும் செவிடாகிவிடுவதை எழுதி வைத்திருக்கிறார். கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற மருத்துவர் 1886-இல் பாய்லர் செய்யும் தொழிலாளர்களைச் சோதித்து அதையே எண்களோடு காட்டினார். காரணம் தெரிந்து இத்தனை காலம் ஆகிறது.

சரி, இனி ஷெட்டுக்கு வருவோம். முதல் வேலை அளப்பது. கருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்கும் ஆளிடம் குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லை என்றால் அங்கே 85-ஐத் தொட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். போனில் இருக்கும் ஆப்களும் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று பார்க்க உதவும், ஆனால் பல போன்களின் மைக் பெரிய சத்தத்தில் திணறிவிடும், அதை வைத்து ரிப்போர்ட் எழுதாதீர்கள். ஒழுங்கான அளவீட்டுக்கு இரண்டு வழி. ஒன்று சவுண்ட் லெவல் மீட்டர், ஒரு இடத்தில் எவ்வளவு என்று சொல்லும். இன்னொன்று டோசிமீட்டர், ஆளின் தோளில் மைக்கை மாட்டி அவர் அலைகிற இடத்துக்கெல்லாம் கூடவே போய் நாள் முழுக்க எவ்வளவு வாங்கினார் என்று சொல்லும். ஒரே இடத்தில் நிற்பவருக்கு முதலாவது போதும். ஹெல்பருக்கும் மெயின்டனன்ஸ் ஆளுக்கும் இரண்டாவது இல்லாமல் ஒன்றும் தெரியாது, பல இடங்களில் அதிகம் வாங்குகிறவர் மெஷின்காரர் இல்லை, எல்லா மெஷினுக்கும் நடுவில் பொருள் தள்ளிக்கொண்டு போகும் ஹெல்பர்தான். பிரஸ், சுத்தியல் மாதிரி படார் படார் என்று வருவதற்குச் சராசரி மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், உச்ச அளவைத் தனியாக எடுக்க வேண்டும், அது 140 டெசிபலைத் தொடவே கூடாது.

இங்கே என் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். என் இடது காதின் சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதாவது அந்த இடத்தில் கேட்பது குறைந்திருக்கிறது. ஆரம்பத்தில் சில வருடம் அளக்கப் போகும்போது பிளக் போடமாட்டேன், "ஐந்து நிமிடம்தானே, அளந்துவிட்டு வந்துவிடுவோம்" என்பேன். ஒரு நாளைக்கு எத்தனை ஐந்து நிமிடம் என்று அப்போது எண்ணவில்லை.

அளந்தபின் பிளக்கை எடுக்காதீர்கள், சத்தம் எங்கிருந்து பிறக்கிறது என்று போய்ப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட ஷெட்களில் முதல் குற்றவாளி காற்றுதான். ஏர் கன்னில் சிப் (இரும்புத் துகள்) ஊதுவது, காற்றைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு எக்ஸாஸ்ட் டிஷ் டிஷ் என்று விடுவது, ஹோஸ் கிளாம்பில் கசிவு. ஜெட் காற்றின் இரைச்சல் பற்றி 1952-இல் லைட்ஹில் என்ற கணித அறிஞர் கண்டுபிடித்த விதி ஒன்று உண்டு, ஒலியின் ஆற்றல் காற்று வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறும். அதாவது வேகத்தைப் பாதியாக்கினால் 24 டெசிபல் குறையும். நடைமுறையில் அவ்வளவு எங்கும் கிடைக்காது, ஆனால் திசை இதுதான். ஏர் கன்னில் ஒற்றை ஓட்டைக்குப் பதிலாகப் பல சிறு துளை நாசில் போடுங்கள், பிரஷரைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். சுத்தம் செய்யக் காற்றழுத்தத்தை 30 பி.எஸ்.ஐ.-க்குக் கீழ்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி, காதுக்காக வைத்த விதி இல்லை, கண்ணுக்கும் தோலுக்குமாக வைத்தது, காதுக்கும் நல்லது. இதில் பத்து டெசிபல் வரை இறங்குவது சர்வ சாதாரணம், கரண்ட் செலவும் குறையும். முதலாளியிடம் பேசும்போது இரண்டாவதை முதலில் சொல்லுங்கள்.

எக்ஸாஸ்ட் சைலன்சர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு இடத்தில் பிரஸ் பக்கத்தில் நிற்கவே முடியவில்லை, வால்வைப் பார்த்தால் சைலன்சர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மரைதான் இருந்தது. ஃபிட்டரைக் கேட்டேன், டூல் பாக்ஸைத் திறந்து நாலு சைலன்சரை எடுத்துக் காட்டினார், விரல் நுனி அளவுதான், எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாகக் கெட்டியாகிக் கிடந்தது. "இது இருந்தா சிலிண்டர் மெதுவா போகுது சார், புரொடக்ஷன் கேக்கறாங்க." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அடைத்துக்கொண்ட சைலன்சர் காற்றைத் தடுத்துச் சிலிண்டரை மந்தமாக்கும். தப்பு கழற்றியதில் இல்லை, அதை மாற்ற வேண்டிய பொருள் என்று யாரும் மெயின்டனன்ஸ் லிஸ்ட்டில் எழுதாததில் இருக்கிறது. புதிதாக ஒரு பெரிய சைஸ் போட்டதும் சிலிண்டரும் ஓடியது, பேசுகிற குரலும் கேட்டது. உங்கள் ஷெட்டில் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் ஃபிட்டர்களின் டூல் பாக்ஸ்.

அடுத்து இரும்பு இரும்பில் விழுவது. வெட்டிய துண்டு மூன்றடி உயரத்திலிருந்து தகரத் தொட்டியில் விழுந்தால் மணி அடித்த மாதிரிதான். தொட்டியை உயர்த்தி வையுங்கள், உள்ளே பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி ஒட்டுங்கள். தகட்டைக் கிரைண்ட் செய்யும்போது தகடே ஸ்பீக்கர் மாதிரி அதிர்ந்து சத்தம் போடுகிறது, அடியில் ரப்பர் மேட் கொடுத்து நன்றாகக் கிளாம்ப் செய்தால் வித்தியாசம் காதிலேயே தெரியும். லூசான கார்டு, தேய்ந்த பேரிங், பேலன்ஸ் இல்லாத வீல், இவையெல்லாம் மெயின்டனன்ஸ் வேலை, சத்தக் குறைப்புத் திட்டம் என்று பெரிய பெயர் வைக்கத் தேவையில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அதன் சத்தம் வேகத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டி ஏறும், வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் ஏறக்குறைய 5 டெசிபல் இறங்கும். பெரிய ஃபேனை மெதுவாக ஓட்டுவது சின்ன ஃபேனை வெறிபிடித்த மாதிரி ஓட்டுவதைவிட எப்போதும் மேல்.

கம்ப்ரஸரை வெளியே தள்ள முடிந்தால் தள்ளுங்கள். முடியாது, கூண்டு கட்டுகிறோம் என்றால் ஓட்டையைக் கவனியுங்கள், கூண்டின் மொத்தப் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தாலே, சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. 10 சதவீதம் திறந்திருந்தால் 10 டெசிபலோடு சரி. கதவை அண்டக் கொடுத்துத் திறந்து வைத்த கூண்டு வெறும் அலங்காரம். காற்றுப் போக்குவரத்துக்கு வழி வேண்டும்தான், அந்த வழியை நேராக விடாமல் உள்ளே ஃபோம் ஒட்டிய வளைந்த குழாயாகச் செய்ய வேண்டும். அதே மாதிரி சுவரில் ஃபோம், முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஃபோம் எதிரொலியைக் குடிக்கும், குறுக்கே போகும் சத்தத்தைத் தடுக்காது, தடுப்பதற்குக் கனம் வேண்டும். முட்டை அட்டை இரண்டையும் செய்யாது, தீ மட்டும் நன்றாகப் பிடிக்கும்.

ஆளை மாற்றி மாற்றி நிறுத்துவது, அதாவது காலையில் ஒருவர் மதியம் ஒருவர் என்று ரொட்டேஷன் விடுவது, பேப்பரில் அழகாக இருக்கும். மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள், நேரத்தைப் பாதியாக்கினால் ஒருவருக்கு மிச்சம் 3 டெசிபல், அவ்வளவுதான். 103 இருக்கும் இடத்தில் அது ஒரு ஆளின் சேதத்தை இரண்டு ஆளுக்குப் பங்கு போடுவது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

புது மெஷின் வாங்கும்போது சத்தம் எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஐரோப்பியச் சந்தைக்குப் போகிற இயந்திரம் என்றால், இயக்குபவர் நிற்கும் இடத்தில் 70 டெசிபலுக்கு மேல் போனால் அந்த எண்ணைக் கையேட்டில் போட்டே ஆக வேண்டும், அதனால் பல தயாரிப்பாளர்களிடம் எண் இருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை.

இதையெல்லாம் செய்தபின் மிச்சம் இருப்பதற்குத்தான் பிளக்கும், காதை வெளியிலிருந்து மூடும் மஃபும். பாக்கெட்டில் போட்டிருக்கும் 33 என்பது ஆய்வகத்தில், பயிற்சி கொடுத்த ஆள், நிதானமாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கிடைத்த எண். பாக்கெட்டில் என்.ஆர்.ஆர். (சத்தக் குறைப்பு அளவு) என்று போட்டிருந்தால் ஷெட்டுக்கு ஓஷா பழக்கத்தில் உள்ள கணக்கு இது: முதலில் 7 கழி, மிச்சத்தைப் பாதியாக்கு. 33-இல் 7 போனால் 26, பாதி 13. உங்கள் 103 டெசிபல் கிரைண்டர்காரர் ஒரு நிமிடம்கூடக் கழற்றாமல் போட்டிருந்தாலும் 90 என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். ஆறு பேருக்குக் காது ஏன் குறைந்தது என்பதற்கு இதுவே பாதி பதில்.

மீதிப் பாதி, மாட்டும் விதம். நாளைக்குக் காலையில் ஷெட்டில் ஒரு சுற்று வந்து ஆட்களை நேர் எதிரே நின்று பாருங்கள். பிளக் காதிலிருந்து காளான் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது சும்மா சொருகி வைத்தது. ஃபோம் பிளக்கை முதலில் சுத்தமான விரலால் மடிப்பு விழாமல் குச்சி மாதிரி மெல்லியதாக உருட்ட வேண்டும். அப்புறம் எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும், இழுத்தால்தான் காதுக் குழாய் நேராகும், பெரும்பாலானவர்கள் விடுவது இந்த ஒரு படியைத்தான். உள்ளே தள்ளியதும் விரலால் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், ஊதி வந்து குழாயை அடைத்துக்கொள்ளும். சரியாகப் போயிருந்தால் தன் குரலே பானைக்குள் பேசுகிற மாதிரி கேட்கும். இரண்டு உள்ளங்கையையும் காதின் மேல் மூடி எடுத்துப் பாருங்கள், வெளிச் சத்தம் பெரிதாக மாறவில்லை என்றால் பிளக் நன்றாக அடைத்திருக்கிறது, நிறைய மாறினால் கழற்றித் திரும்பப் போட வேண்டும். எண்ணெய்க் கையோடு உருட்டினால் காதில் புண் வரும், கையைக் கழுவ இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். காதில் சீழ் வருகிறவர்களுக்குப் பிளக்கே வேண்டாம், மஃப் கொடுங்கள்.

மஃப் மாட்டுவது சுலபம், ஆனால் சேஃப்டி கண்ணாடியின் காம்பு குஷனுக்கு அடியில் போகும் இடத்தில் கசியும், நீள முடி, தொப்பித் துணி எல்லாம் அப்படித்தான். குஷன் கெட்டியாகி வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். வெயில் காலத்தில் வியர்த்துக் கொட்டும், அடிக்கடி கழற்றித் துடைப்பார்கள், அப்படி மொத்தம் அரை மணி நேரம் கழற்றினால் என்ன ஆகும் என்ற கணக்கு மேலே பார்த்ததுதான். பிளக்கையும் மஃபையும் ஒன்றாகப் போட்டால் இரண்டு எண்ணையும் கூட்டிவிடாதீர்கள், இரண்டில் பெரியதோடு ஒரு 5 சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எவ்வளவு அடைத்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் மண்டை எலும்பு வழியாகவே சத்தம் உள்ளே போகும். பஞ்சு அடைப்பது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பாட்டுக் கேட்கும் இயர்போனைப் பிளக்குக்குப் பதிலாகப் போடுகிற பையன்கள் இருப்பார்கள், ஷெட் சத்தத்துக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமானால் அதைவிடச் சத்தமாக வைக்க வேண்டும், கொள்ளிக் கட்டையால் தலையைச் சொறிந்துகொள்கிற கதை.

சரி, ஏன் கழற்றுகிறார்கள்? சோம்பேறித்தனம் என்று முடித்துவிடாதீர்கள், கேளுங்கள். மெஷின் ஓட்டுகிறவர் டூல் பிடிக்கிறதா, வீல் தேய்ந்துவிட்டதா என்பதைச் சத்தத்தில்தான் கண்டுபிடிக்கிறார், எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் அவருக்குக் கண்ணைக் கட்டிய மாதிரி. ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வருவது கேட்காது என்று பயப்படுபவரின் பயமும் நியாயமானது. இதனால்தான் அதிக எண் போட்டதை எல்லோருக்கும் வாங்கிக் கொடுப்பது தப்பு. காதுக்குள் போய்ச் சேர்வது 75 முதல் 80-க்குள் இருந்தால் உத்தமம், 70-க்குக் கீழே இறக்கினால் ஆள் தனித்துவிடுவார், கழற்றத்தான் செய்வார். 90 இருக்கும் இடத்தில் 33 போட்ட பிளக்கை நன்றாக மாட்டியவர் கழற்றுவார், 103 இருக்கும் இடத்தில் அதையே அரைகுறையாக மாட்டியவர் காதை இழப்பார், இரண்டு பேருக்கும் ஒரே டப்பாவிலிருந்து கொடுத்திருப்போம். இரண்டு மூன்று வகை வாங்கி வைத்து அவர்களையே எடுக்க விடுங்கள், காதுக் குழாயின் அளவு ஆளுக்கு ஆள் வேறு, ஏன் ஒரே ஆளுக்கு இடது வலதே வேறாக இருக்கும். எல்லா அதிர்வெண்ணையும் சமமாகக் குறைக்கும் பிளக் உண்டு, சத்தம் குறைவாக இருக்கும்போது பேச்சை உள்ளே விடும் எலெக்ட்ரானிக் மஃப் உண்டு, லைன் லீடர் மாதிரி பேசிக்கொண்டே இருக்க வேண்டியவர்களுக்கு அதை வாங்குங்கள். இப்போது ஒவ்வொருவர் காதிலும் பிளக் உண்மையில் எத்தனை டெசிபல் குறைக்கிறது என்று சில நிமிடத்தில் அளந்து காட்டும் ஃபிட் டெஸ்ட் கருவிகள் வந்துவிட்டன. வசதி இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை வாடகைக்காவது எடுங்கள், "உனக்கு 8தான் வந்தது, திரும்ப மாட்டு, இப்போ 26" என்று திரையில் காட்டுவதற்கு ஈடாக எந்த போர்டும் இல்லை.

காதுச் சோதனை விஷயத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒருவருக்குக் கேட்கத் தொடங்கும் மிகக் குறைந்த சத்தம் 25 டெசிபல் வரை இருந்தால் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று அச்சடித்திருப்பார்கள், இந்த எண் கூடினால் காது குறைந்திருக்கிறது என்று அர்த்தம். வேலைக்குச் சேரும்போது 4000 ஹெர்ட்ஸில் 5 இருந்த இருபத்துநான்கு வயதுப் பையன் மூன்று வருடத்தில் 20-க்கு வந்துவிட்டால் ரிப்போர்ட் நார்மல்தான், ஆனால் அவன் 15 டெசிபல் இழந்துவிட்டான். ஒப்பிட வேண்டியது அவனுடைய சொந்த முதல் ஆடியோகிராமோடு, அதாவது முதல் காதுச் சோதனை வரைபடத்தோடு. 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் மூன்றின் சராசரி பழையதைவிட 10 டெசிபல் மோசமாகியிருந்தால் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்று அர்த்தம், உடனே அவன் நிற்கும் இடத்தையும் மாட்டும் விதத்தையும் பார்க்க வேண்டும். அந்த முதல் சோதனைக்கு முன் 14 மணி நேரமாவது சத்தத்தில் இருக்கக் கூடாது. ஷிஃப்ட் முடிந்து நேராக வரிசையில் நிற்க வைத்து எடுத்த சோதனை எதற்கும் உதவாது, கம்ப்ரஸர் பக்கத்து அறையில் எடுத்ததும் அப்படியே. அந்த ஆறு பேரில் ஓரிருவருக்குக் காதில் அழுக்கு அடைத்துக்கூட இருக்கலாம், டாக்டர் காதுக்குள் பார்த்துவிட்டுத்தான் சோதனை எடுத்தாரா என்று கேளுங்கள். அப்புறம், ரிசல்ட்டை ஆளிடம் கொடுங்கள், புரிகிற மாதிரி சொல்லுங்கள். ரிசல்ட் மோசமானால் வேலை போகும் என்ற பயம் வந்துவிட்டால் கேட்காத சத்தத்துக்கும் பட்டனை அழுத்துவார்கள், பிறகு அந்தக் காகிதத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கான்ட்ராக்ட் ஆட்களைச் சோதனையில் சேர்க்காமல் விடுவதும் வழக்கம், சத்தம் அதிகமான இடத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

உங்கள் ஷெட்டில் பெயின்டிங் பகுதி இருந்தால் அதையும் பாருங்கள். டொலுவீன், ஸ்டைரீன் மாதிரி கரைப்பான்கள், ஈயம், கார்பன் மோனாக்ஸைடு, இவை உட்காதைத் தாமாகவே பாதிக்கும், சத்தத்தோடு சேர்ந்தால் இன்னும் மோசம். காதைப் பாதிக்கக்கூடிய ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டவர்கள், புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் சிகிச்சையில் இருப்பவர்கள் இருந்தால் டாக்டரிடம் சொல்லி அவர்களை அடிக்கடி சோதிக்க வேண்டும். ஆறு பேரில் யாராவது ஸ்பிரே பூத்தில் நிற்கிறவரா?

இந்த வாரம் செய்யக்கூடியது என்று கேட்டால், அந்த ஆறு பேரின் பழைய ஆடியோகிராமை எல்லாம் தேடி எடுத்து அவர்கள் நிற்கும் இடத்தை ஷெட் வரைபடத்தில் குறியுங்கள், ஆறு புள்ளியும் ஒரே மூலையில் விழுந்தால் ஆச்சரியப்படமாட்டேன். ஏர் கன் நாசிலையும் பிரஸ் எக்ஸாஸ்ட் சைலன்சரையும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஆள் நிற்கும் இடத்தில், காது உயரத்தில், அதே வேலை ஓடும்போது அளந்து இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள், பிளக் எந்த வகை வாங்கலாம் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.